குண்டு எறிகிறவளைக் குண்டு என்று சொன்ன அக்காவுக்கு

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி அவர்களுக்கு,

ரொட்டிக்கடை வைத்திருக்கும் தங்கள் தம்பி எழுதிக்கொள்வது. தாங்களும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த ஒரு வரியையாவது கோபமில்லாமல் எழுதிவிட வேண்டும் என்று, மாவு பிசையும் மேசையைத் துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு எழுதியிருக்கிறேன். அதை இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள். இனிமேல் இந்தக் கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடைக்காது.

நேற்று என் மனைவியின் போனுக்குத் தாங்கள் அனுப்பிய செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு மாதமாகத் தங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தை, "மூத்தவங்க, எத்தனை நாள் மறைக்கிறது, நாளைக்கு வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள்தான் தங்களுக்கு எழுதினாள். கூடவே பாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கப் படுத்திருந்த படத்தையும் அனுப்பினாள். பெற்றவள் திறந்து பார்க்கவே பயந்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிய படம் அது. அதற்குத் தாங்கள் எழுதிய பதிலை அப்படியே இங்கே எழுதுகிறேன், தாங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள்: "அடடே, சூப்பரா இளைச்சுட்டாளே! இப்பதான் தாடையே தெரியுது. விட்டுடாதீங்க, இப்படியே மெயின்டெயின் பண்ணச் சொல்லுங்க." அதன் பின்னால் கைதட்டும் பொம்மைகள் ஒரு வரிசை. அக்கா, குளுக்கோஸ் பாட்டில் தங்கள் கண்ணில் படவில்லையா? அவ்வளவு பெரிய பாட்டில், கம்பியில் தொங்குகிறது, படத்தில் பாதி இடத்தை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. தாடை தெரிந்த கண்ணுக்குப் பாட்டில் தெரியவில்லை. என் மனைவி அந்தப் பதிலைப் படித்துவிட்டுப் போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அப்போது நான் அடுப்பிலிருந்து ட்ரேயை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். முழு ட்ரே பன்னும் தரையில்.

அதனால், நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தங்களுக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி. தெரிந்த பாதியும் தங்களுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு மாதம் எங்களோடு தங்க வந்தீர்கள். சந்தோஷமாகத்தான் வாசலில் வந்து நின்றோம். செருப்பைக் கழற்றும் முன்பே "என்னடா தம்பி, கதவை இடிச்சுப் பெருசாக் கட்டணும் போலிருக்கே" என்றீர்கள். என் மனைவியிடம், "முகம் சின்னதாத்தான் இருக்கு, கீழதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றீர்கள். போன் வீடியோவில் தினமும் வந்து இளைக்க வழி சொல்கிற அந்த ஒல்லி மாஸ்டரின் பேச்சைக் கேட்டுத் தாங்கள் பாதியாக இளைத்துப்போயிருந்தது தெரிந்தது. தாங்கள் இளைத்தது தங்கள் விருப்பம், அதில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்களுக்குப் பரிசு என்று பெட்டியிலிருந்து எடுத்தீர்களே, கண்ணாடித் தட்டு வைத்த எடை மெஷின், அதைக் கூடத்தின் நடுவில், டிவிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் வைத்து, ஒவ்வொருவராக ஏறச் சொல்லி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சத்தமாகப் படித்தீர்கள். நான் ஏறினேன். என் மனைவி ஏறினாள். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்த பாப்பாவையும் பையோடு ஏற்றினீர்கள். பையை இறக்கி வைத்துவிட்டு ஏறுகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "பைய இறக்கினா மட்டும் என்ன கொறஞ்சிடப் போகுது? எறியறதுதான் குண்டு, எறியறவளும் குண்டாவா இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பியவன் நான்.

இவ்வளவு நேரம் தாங்கள், தாங்கள் என்று எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. இனி நீங்கள் என்றே எழுதுகிறேன். அதுவும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியவில்லை.

அக்கா, அந்தப் பெண் பள்ளியிலேயே குண்டு எறிதலில் முதல் ஆள். ஒரு வேலையும் செய்யாமல் ஊதிப்போன உடம்பா அது? தோளும் தொடையும் பயிற்சியில் ஏறியவை. மாவு மூட்டையை நான் ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் பிடித்து ஏற்றுகிறவள். அந்தத் தோளைப் பார்த்து விளையாட்டு டீச்சர் "இந்தத் தோள் ஒண்ணு போதும் எனக்கு" என்பார். நீங்கள் அதே தோளைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கெல்லாம் சட்டை எங்க கெடைக்கும்?" என்று கேட்டீர்கள்.

பிறகு சமையலறை உங்கள் ஆட்சிக்கு வந்தது. வெள்ளையாக இருப்பதெல்லாம் விஷம் என்றீர்கள். சர்க்கரை விஷம், மாவு விஷம், சோறு விஷம், பால்கூட யோசிக்க வேண்டிய விஷயம். நான் ரொட்டிக்கடைக்காரன். காலையில் கடைக்குப் போனால் புருவம் வரை வெள்ளையாகத்தான் திரும்பி வருகிறேன். உங்கள் கணக்குப்படி நான் தினமும் விஷத்தில் புரண்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறவன். அதையும் விட்டேன். கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்களே, அதைத்தான் விட முடியவில்லை. பன் வாங்க வந்தவரிடம் "இதுல எவ்வளவு சர்க்கரைன்னு கேட்டீங்களா?" என்றீர்கள். விற்கிறவன் தம்பி, கேள்வி கேட்கிறவர் அக்கா. பிள்ளைத்தாச்சி ஒருத்தி ஆசையாக கிரீம் பன் கேட்டாள். "ரெண்டு பேருக்குச் சாப்பிடறீங்களா, நாலு பேருக்கா?" என்றீர்கள். அந்தப் பெண் பன்னையும் வாங்காமல், சில்லறையையும் வாங்காமல் அழுதுகொண்டே படியிறங்கிப் போனாள். அவளுடைய கணவன் மறுநாள் வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நல்லவேளை என் கையில் ரொட்டி வெட்டுகிற கத்தி இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை, உங்கள் பேச்சைக் கேட்டேன். மாவையும் கிரீமையும் ருசி பார்ப்பதை நிறுத்து, அதுதான் வயிற்றில் போய்ச் சேருகிறது என்றீர்கள். நிறுத்தினேன். ருசி பார்க்காத ரொட்டிக்காரன் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்த மூன்றடுக்குக் கேக்கில் சர்க்கரை டப்பாவுக்குப் பதில் உப்பு டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் விஷம், வித்தியாசம் எப்படித் தெரியும்? மாப்பிள்ளை முதல் துண்டை வாயில் வைத்ததும் அவர் கண்ணில் நீர் வந்தது. பெண் வீட்டார் அவர் உருகிப்போனார் என்று நினைத்துக் கைதட்டினார்கள். இரண்டாவது துண்டு பெண்ணுக்கு. அதன்பிறகு யாரும் கைதட்டவில்லை.

என் மனைவி கதை வேறு. பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் அவளுக்கு வேலை. நீங்கள் வாங்கிக் கொடுத்த, இடுப்பைச் சூடாக்கி உருக்குகிற பெல்ட்டை உடைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மூச்சுவிட முடியாமல், போகிற ஊரின் பெயரைப் பாதிதான் சொல்ல முடிந்தது. வரிசையில் நின்றவர்கள் குழம்பினார்கள். விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்தவுடன் பெல்ட் 'பட்'டென்று பிய்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் டயர் வெடித்துவிட்டது என்று வெளியே ஓடினார்கள். ஒரு டிரைவர் நிஜமாகவே நான்கு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்தார். அன்று முழுவதும் அவள் ஜன்னலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டே டிக்கெட் கொடுத்தாள். அதைச் சொன்னபோது நீங்கள், "பாத்தியா, பெல்ட்டே தாங்கல" என்றீர்கள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. சமையலறையில் வெறும் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், போகட்டும். பாப்பாவிடம் வருகிறேன்.

அவள் தட்டைக் காலி செய்துகொண்டுதான் இருந்தாள். காலியான தட்டைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன். பக்கத்து வீட்டு ரிடையர்டு போலீஸ்காரர் ஒரு நாள் என்னை வேலியோரம் நிறுத்தி, "உங்க பொண்ணு என் நாயைக் கெடுக்குறா சார். குரைக்கக்கூட மாட்டேங்குது, படுத்தே கெடக்கு" என்றார். நாயைப் பார்த்தேன். தலையணை மாதிரி இருந்தது. பிள்ளைக்குப் பிராணிகள் மேல் எவ்வளவு பிரியம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தட்டுச் சாப்பாடெல்லாம் நாய்க்குப் போய், நாய் பெருக்கப் பெருக்க என் பெண் கரைந்துகொண்டிருந்தது இந்த முட்டாளுக்குத் தோன்றவில்லை. நீங்கள் ஊருக்குப் போன பிறகும் அவள் தினமும் தான் சாப்பிடுவதை மட்டும் தட்டில் வைத்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினாள், நீங்களும் தினமும் "வெரி குட்" போட்டீர்கள். தட்டில் வெள்ளரிக்காய் நான்கு வில்லை. அதற்கு வெரி குட். மறுநாள் மூன்று வில்லை. அதற்கு இரண்டு வெரி குட்.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். பாப்பா வட்டத்துக்குள் வந்து நின்றாள். சட்டை தோளில் தொங்கியது. குண்டைக் கழுத்தோரம் வைத்தாள், குனிந்தாள், சுழன்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குண்டு முன்னால் போகாமல் பக்கவாட்டில் கிளம்பி, பரிசுக் கோப்பைகள் அடுக்கியிருந்த மேசை மேல் போய் விழுந்தது. கோப்பைகள் எட்டுத் திசைக்கும் உருண்டன. சிறப்பு விருந்தினர் நாற்காலி மேல் ஏறி நின்றார். ஒரு நொடி மைதானமே சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன் சிரிக்க. அப்போது வட்டத்துக்குள் பார்த்தால் அவள் இல்லை. தரையில் கிடந்தாள். விளையாட்டு டீச்சர் ஓடிப்போய்த் தூக்கினார், ஒற்றைக் கையால் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அவரே பயந்துபோய் என்னைப் பார்த்தார். "என்ன சார் இது, பஞ்சு மாதிரி இருக்காளே!" என்றார். நீ அங்கே இருந்திருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பாய்.

நீ என்று வந்துவிட்டது. வந்தது வந்தபடி இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. பாப்பா கண் விழித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "நேத்து என்ன சாப்பிட்டம்மா?" என்று கேட்டார்.

"வெள்ளரிக்காய்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தியும் வெள்ளரிக்காய்."

"பசிக்கலையா?"

"பசிக்கும். பசிச்சா ஜெயிக்கிறேன்னு அர்த்தம்."

அந்த ஒல்லி மாஸ்டரின் வாக்கியம் அது, இல்லையா? உன் போனிலிருந்து எங்கள் கூடத்தில் தினமும் ஒலித்த வாக்கியம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அப்பா என்ன வேலை?" என்றார். ரொட்டிக்கடை என்றேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அக்கா, ஊருக்கெல்லாம் ரொட்டி போடுகிறவனின் பிள்ளை பசியில் விழுந்திருக்கிறாள். அந்த ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று இருந்தது, தரைத்தளம் என்பதால் விட்டேன். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுவதையும், மாதாமாதம் வர வேண்டியது நின்றுபோனதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதயம் மெதுவாக அடிக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நின்றுகூடப் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது என் மனைவி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வந்து பார்க்க வேண்டாம், சொன்னால் நம்பிக்கொள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "வீட்ல எடை மெஷின் இருந்தா வெளிய போடுங்க. அவ உடம்பைப் பத்தி யாரும் பேசக்கூடாது. திட்டவும் கூடாது, புகழவும் கூடாது. நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடுன்னு பேர் வைக்காதீங்க. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க. சாப்பிடும்போது வேற ஏதாவது பேசுங்க." வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகரிடமும் அழைத்துவரச் சொன்னார். எடை மெஷினை அன்றே கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். இப்போது அதில் மாவு மூட்டைதான் ஏறி நிற்கிறது. எவ்வளவு காட்டினாலும் மூட்டை மனம் உடைவதில்லை.

ஆனால் வேறு ஏதாவது பேசுங்கள் என்றாரே, அங்கேதான் மாட்டிக்கொண்டோம். முதல் நாள் மேசையில் உட்கார்ந்தால் மூன்று பேருக்கும் பேச்சே வரவில்லை. இளைத்தது, பெருத்தது, எண்ணெய், சர்க்கரை, இதை விட்டால் இந்தக் குடும்பத்துக்குப் பேச ஒன்றுமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. என் மனைவி எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று வரிசையாகச் சொன்னாள். நான் ஈஸ்ட் எப்படிப் பொங்கும் என்று சொன்னேன். பாப்பா உருளைக்கிழங்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு துண்டு சாப்பிடும்மா என்றதும் தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டு சுவரில் போய் அடித்தது. "அன்னைக்கு அத்தை மெஷின்ல ஏத்தி அப்படிச் சொன்னப்போ நீங்க ஏன்பா ஒண்ணும் சொல்லல?" என்று கத்தினாள். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன், அதுதான் இந்தக் கடிதம்.

நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். ஒரு நாள் முன்னால் போவாள், மறுநாள் பின்னால் வருவாள். இன்றைக்கும் சில வேளை ஒரு வாயை மென்றுகொண்டே இருப்பாள், நாங்கள் பஸ் பற்றிப் பேசிக்கொண்டே இருப்போம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளாகவே கடைக்கு வந்தாள். ஆறிக்கொண்டிருந்த ட்ரேயிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள். நான் அவளைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். போன மாதத்துத் தாள் அது, அதையே படித்தேன். இதில் என்னென்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பிய்த்து வாயில் போட்டாள். பாதி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மியா இருக்குப்பா" என்றாள். அக்கா, என் வாழ்க்கையில் என் ரொட்டியை யாராவது குறை சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். எத்தனையோ நாள் கழித்து அந்த நாக்கு ருசியைப் பற்றிப் பேசியது. உள்ளே போய் அடுப்பு மறைவில் நின்று அழுதேன். சாயங்காலப் பன்னில் உப்பு தூக்கலாகப் போய்விட்டது, விற்கவில்லை, போகட்டும்.

இதற்கு நடுவில்தான் உன் கைதட்டும் பொம்மைகள் வந்து விழுந்தன. கூடவே, லீவுக்கு வருகிறேன், இந்த முறை பேசுகிற எடை மெஷின் வாங்கி வருகிறேன் என்று ஒரு வரி. பேசுகிற மெஷின் எதற்கு அக்கா, நீதான் இருக்கிறாயே? எனக்கு உன் மேல் மட்டும் கோபம் இல்லை. ஒருவரை வழியில் பார்த்தால் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்பே பெருத்துட்டியே, இளைச்சுட்டியே என்று தராசை நீட்டுகிற எல்லார் மேலும் கோபம். இருக்கிற ஆளுக்குத் தைக்காமல், சட்டையில் நுழைகிற மாதிரி வந்து நில் என்கிற தையற்காரர் மேல் கோபம். பசியை ஜெயிக்கச் சொல்லிக் காசு பார்க்கிற உன் ஒல்லி மாஸ்டர் என் கையில் கிடைத்தால், மாவோடு சேர்த்துப் பிசைந்து, ஈஸ்ட் போட்டு, பொங்கும் வரை மூடி வைப்பேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். லீவுக்கு வராதே. மெஷினோடும் வராதே, மெஷின் இல்லாமலும் வராதே. பாப்பாவுக்கு போன் பண்ணாதே, செய்தி அனுப்பாதே. நானாகக் கூப்பிடும் வரை இந்த வீட்டு வாசல்படி உனக்கு இல்லை. கூடப்பிறந்தவளிடம் இப்படி எழுதலாமா என்று மாமா கேட்டால், எழுதலாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

வழக்கமாக இந்த இடத்தில் உன் ஆசியைக் கேட்பேன். இந்த முறை வேண்டாம், அதை மாமாவுக்குக் கொடு, உன்னோடு குடித்தனம் நடத்த அவருக்குத்தான் தேவைப்படும். அவருக்கு என் வணக்கம். உனக்கு, வயதில் மூத்தவள் என்ற ஒரே காரணத்துக்காக, பாதி வணக்கம்.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய கையோடு மாமா போன் செய்தார். "தம்பி, உங்க அக்கா குளியலறையில விழுந்துட்டா. பயப்படாத, பெரிய அடி இல்ல. நாலஞ்சு நாளா தண்ணியும் எலுமிச்சம்பழமும்தான், நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. கண்ணாடி முன்னாடி நின்னு, இன்னும் குண்டாத்தான் இருக்கேன்னு அழுவுறா. எலும்புதான்ப்பா இருக்கு, நான் என்ன பண்ணுவேன்?" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாப்பா நிற்கிறாள். கேட்டுவிட்டாள்.

"அத்தைய இங்க கூட்டிட்டு வாங்கப்பா. நம்ம டாக்டர்கிட்ட காட்டலாம்."

"இப்பத்தான் வராதேன்னு எழுதி ஒட்டினேன்."

"ஒட்டினா என்ன? பிரிங்க."

பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். மேலே இருப்பதில் ஒரு வரியையும் அடிக்கப்போவதில்லை, எல்லாம் நடந்ததுதான், நீ படிக்க வேண்டியதுதான். ஆனால் வராதே என்று எழுதியதை மட்டும் எழுதவில்லை என்று வைத்துக்கொள். இதைத் தபாலில் போடவில்லை, கையில் கொண்டு வருகிறேன். நாங்கள் மூன்று பேரும் கடை வண்டியில் கிளம்புகிறோம். மாமாவிடம் உன் துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வந்ததும் உனக்கு ஏதாவது செய்து வைக்கலாம் என்று சமையலறையில் நின்று பாப்பா கேட்டாள், "அத்தைக்கு என்ன பிடிக்கும்பா?" என்று. நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அக்கா, ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தும் உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியில் ஏறியதும் முதலில் அதைச் சொல்.